வாயில்லா ஜீவனின் மனச்சுமை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“நாயாய்ப் பிறந்தாலாவது நிம்மதியாக இருக்கலாம்! வேளைக்குச் சோறு, நாள் முழுதும் தூக்கம், பரீட்சை கிடையாது” என்று தோழியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணக்குப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து நாங்களும் அவ்வாறு பொறாமைப்பட்டதுண்டு. அந்தப் பொறாமை எவ்வளவு பேதைமை என்பதைச் சென்ற தீபாவளி எங்களுக்குக் கற்பித்தது. நாய்க்கும் மனம் உண்டு. அந்த மனத்துக்கும் சுமை உண்டு. அளவறிந்து ஏற்றினால் அச்சுமை அதைத் திடப்படுத்தும், அளவு மீறினால் ஒடித்துவிடும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் அக்காளும் தங்கையுமாக நாங்கள் இருவர். எங்களோடு மூன்றாவதாக வளர்வது மணி. உயர்ந்த ஜாதி நாயன்று. செம்பழுப்பு நிறமும் ஒரு மடிந்த காதும் உள்ள நாட்டு நாய். காவலுக்கென்று கொண்டுவந்ததால், அப்பா அதை வாசல் இரும்புக் கதவின் அருகே சங்கிலியில் கட்டினார். இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவார். சோறு தவறியதில்லை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறியதில்லை. மணிக்கு ஒரு குறையும் இல்லை என்றே நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம்.

தீபாவளியன்று மாலை தெருவில் சரவெடி தொடங்கியது. மணி குரைத்தது, ஊளையிட்டது, பிறகு சுழன்று சுழன்று இழுத்ததில் கழுத்துப்பட்டை அறுந்து ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடி, பக்கத்துத் தெருவின் கல்பாலத்துக்கு அடியில் கண்டுபிடித்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அது பழைய மணியாக இல்லை. குக்கர் விசில் அடித்தாலும் நடுங்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு விலகிவிடும். மூன்றாம் வாரம், எங்கள் அத்தை மகன், ஆறு வயதுப் பையன், சாப்பிட்டுக்கொண்டிருந்த அதன் வாலைப் பிடித்து இழுக்க, மணி திரும்பிக் கவ்விவிட்டது. கையில் பல் கீறியது. அம்மா உடனே ஓடும் குழாய் நீரில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பையனை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டு வந்தார்கள்.

அன்றிரவு அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “கடிக்கிற நாய் வீட்டில் வேண்டாம். தென்னந்தோப்புக்கு அனுப்பிவிடலாம்.” நாங்கள் அழுதோம்; சாப்பிட மறுத்தோம். கடைசியில் அம்மா இடையில் புகுந்து, “பொங்கல் வரையில் பார்ப்போமே” என்று தவணை வாங்கிக் கொடுத்தாள்.

கால்நடை மருத்துவமனைக்கு மணியை அழைத்துச் சென்றோம். மருத்துவர் அதைச் சோதித்துவிட்டு, “உடம்பில் ஒன்றுமில்லை. ஒரு நாள் முழுதும் இது என்ன செய்கிறது, இதற்கு என்ன நேர்கிறது என்று மணி வாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. எனினும் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை மாறி மாறி உட்கார்ந்து எழுதினோம். பால்காரர், பேப்பர் போடுபவர், வேன் ஹார்ன், கதவைத் தட்டி ஓடும் சிறுவர்கள், எதிர்ப்புறம் திரியும் தெருநாய்கள், தண்ணீர் லாரி என்று ஒரு நோட்டில் மூன்று பக்கம் நிறைந்தது. காலை பதினொரு மணிக்கு எதிரே நாங்கள் எழுதியிருந்த வரி இது: “வேப்ப மரத்து நிழல் நகர்ந்துவிட்டது. சங்கிலி எட்டவில்லை. மணி வெயிலில் படுத்திருக்கிறது.” இத்தனை நாள் அந்த வாசல் வழியாகத்தானே போய் வந்தோம்! ஒரு நாளும் அது எங்கள் கண்ணில் படவில்லை.

மருத்துவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “இதற்கு மணியால் என்ன செய்ய முடிந்தது?” விலகிப் போக முடிந்ததா? ஒளிந்துகொள்ள முடிந்ததா? நிழலுக்குப் போக முடிந்ததா? மூன்று பக்கத்துக்கும் எங்களிடம் இருந்த பதில் ஒன்றுதான்: முடியவில்லை.

இந்தக் கேள்வியின் அருமையைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டோம். 1967-இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்னும் இரு விஞ்ஞானிகள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதனை செய்தார்கள். ஒரு கூட்ட நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும், ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதற் கூட்டம் குதித்துத் தப்பியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை குதிக்க முயலாமல் படுத்து முனகின. இரண்டு கூட்டமும் பட்ட துன்பம் ஒரே அளவு. தன் செயலால் துன்பத்தை நிறுத்த முடியும் என்ற அனுபவம் ஒன்றுக்கு இருந்தது, மற்றதற்கு இல்லை. அந்த ஒரு வேற்றுமைதான் நிமிர்ந்த மனத்தையும் ஒடிந்த மனத்தையும் பிரித்தது. அதே விஞ்ஞானிகள் 2016-இல் தங்கள் ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்து, நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பு என்றும், ‘என்னால் முடியும்’ என்பதே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்றும் திருத்தி எழுதினார்கள்.

இதற்கும் முன்னே, 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில், ரஷ்யாவின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு பெருகிப் பாவ்லவ் என்னும் மேதையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளம் புகுந்தது. கூண்டுகளில் நீர் ஏற, நாய்களை நீந்த வைத்து மீட்டார்கள். உடலில் காயமில்லை. எனினும் சில நாய்கள் கற்றதையெல்லாம் மறந்துவிட்டன. அவற்றில் ஒன்று பல வாரங்களுக்குப் பிறகே தேறியது; தேறிய பின்னும், அறைக் கதவின் கீழே சிறிது நீரை ஓடவிட்டபோது மறுபடி நிலைகுலைந்தது. பழகிய ஆராய்ச்சியாளர் அதே அறையில் உடன் இருந்தபோது அதன் மனம் அமைதியடைந்தது என்பதையும் பாவ்லவ் குறித்து வைத்தார். தீபாவளிக்குப் பின் குக்கர் விசிலுக்கு நடுங்கிய எங்கள் மணியின் கதை, அந்த நாயின் கதைதான் அன்றோ?

இச்சோதனைகளைப் படிக்கும்போது எங்கள் நெஞ்சம் பதறியது. அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட துன்பத்தால் கிடைத்த பாடத்தையாவது நாம் வீணாக்காமல் இருக்க வேண்டும்.

ஆகவே நாய்க்குக் கஷ்டமே கூடாது, பூப்போல மடியில் வைத்துக் காக்க வேண்டும் என்கிறோமா? இல்லை. எங்கள் சுற்றத்தார் வீடு ஒன்றில் வெள்ளைவெளேரென்று ஒரு பொமரேனியன் நாய் இருக்கிறது. குட்டியிலிருந்து அது தெருவைப் பார்த்ததில்லை. பிற நாய்களை முகர்ந்ததில்லை. மழையில் கால் வைத்ததில்லை. வீட்டார் கடைக்குப் போனால் திரும்பும்வரை கத்துகிறது. விருந்தினர் வந்தால் கட்டிலின் கீழே ஓடுகிறது. அன்பு மிகுந்த வீடுதான். ஆனால் அந்த அன்பு அதற்கு உலகத்தை அறிமுகம் செய்யவில்லை. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் பல்லாண்டு நாய்களை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்போர், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டி காண்பதும் கேட்பதும் பழகுவதும் அதன் ஆயுள் முழுதுக்கும் அடித்தளமாகின்றன என்று 1965-இல் எழுதினார்கள். அந்த நாட்களில் மனிதரையும் ஓசைகளையும் மெல்ல மெல்லச் சந்திக்காத குட்டி, வளர்ந்தபின் எல்லாவற்றையும் பகையாகக் காண்கிறது.

மன அழுத்தம் என்ற சொல்லை மருத்துவ உலகில் நிலைநாட்டிய ஹான்ஸ் செல்யே என்பவரும், எல்லா அழுத்தமும் தீயதன்று என்றே சொன்னார். பந்தைத் துரத்தும் நாய்க்கும் இதயம் படபடக்கிறது. வெடிக்கு ஓடும் நாய்க்கும் படபடக்கிறது. முதலாவது அது விரும்பி ஏற்றது, களைத்தால் நிறுத்திவிடலாம். இரண்டாவது அதன்மேல் சுமத்தப்பட்டது, நிறுத்த வழியில்லை.

எங்கள் பாட்டி இதையெல்லாம் படித்தவரல்லர். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங்க காலத்திலே நாய்க்குச் சங்கிலி யார் போட்டா? திண்ணையிலே படுக்கும், வயலுக்குப் பின்னாலே வரும், பயந்தா வைக்கோல் போருக்குள்ளே போய்ப் பதுங்கும், பசிச்சா வந்துடும்” என்றார். அந்நாளைய நாய்க்குப் பசி உண்டு, வெயில் உண்டு, கல்லடியும் உண்டு. இருந்தாலும் ஓட இடம் இருந்தது. திரும்பி வர வீடும் இருந்தது. எங்கள் மணிக்கு நாங்கள் வயிறாரச் சோறு கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் பறித்து வைத்திருந்தோம்.

மருத்துவரின் யோசனைப்படி நாங்கள் செய்தவற்றைச் சொல்லுகிறோம். முதலில் சங்கிலி போயிற்று. வெளிக்கதவு சாத்தியிருக்கும் நேரமெல்லாம் சுற்றுச்சுவருக்குள் மணி தன் விருப்பம்போல் உலவியது. மாடிப்படியின் கீழே கோணியும் அம்மாவின் பழைய சேலையும் விரித்து ஓர் இடம் அமைத்தோம். மணி அதற்குள் போய்விட்டால் யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது என்பது சட்டம். அத்தை மகனுக்கும் இந்தச் சட்டம் சொல்லப்பட்டது. காலையில் அரை மணி நேரம் நடக்க அழைத்துச் சென்றோம். அது முகர்ந்து நின்றால் நாங்களும் நின்றோம். நமக்குச் செய்தித்தாள் எப்படியோ அப்படி நாய்க்கு மோப்பம். சோற்றின் ஒரு பங்கைச் சிரட்டைகளுக்கு அடியில் மறைத்து வைத்தோம். முதல் நாள் எங்களைப் பார்த்து விழித்தது. நான்காம் நாள் ஐந்து சிரட்டைகளையும் தானே புரட்டியது. தேடினால் கிடைக்கும் என்று அறிந்த அதன் வால் ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

வெடிச் சத்தத்துக்கும் பழக்கினோம். செல்போனில் பதிவு செய்த ஓசையைக் காதுக்கு எட்டியும் எட்டாததுமாக மெல்ல வைத்து, கூடவே வேகவைத்த முட்டைத் துண்டு கொடுத்தோம். நாளுக்கு நாள் சிறிது கூட்டினோம். இரண்டாம் வாரம் எங்களுக்கு அவசரம் வந்துவிட்டது. பொங்கல் நெருங்குகிறதே என்று ஒரே நாளில் ஓசையைப் பெரிதாக்கினோம். மணி முட்டையைத் துப்பிவிட்டுப் படியின் கீழே ஓடியது. அன்று முழுதும் வெளியே வரவில்லை. மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்தப் பின்னடைவு மணியுடையதன்று, எங்களுடையது.

நாயின் பாஷையையும் சிறிது கற்றோம். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உணவில்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலை இடுக்கிக்கொள்வது, வெயிலில்லாமலே இளைப்பது ஆகியவையெல்லாம் “எனக்கு இது தாங்கவில்லை” என்று அது சொல்லும் சொற்கள். அதையும் நாம் கேளாவிட்டால்தான் உறுமுகிறது. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும். அன்று அத்தை மகன் வாலைப் பிடிக்குமுன் இரண்டு முறை மணி முகத்தைத் திருப்பியதை நாங்கள் பார்த்திருந்தோம்; பார்த்தும் அறியாதிருந்தோம். பயந்த நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்று சிலர் சொல்வதும் சரியன்று. பயம் ஓர் உணர்ச்சி. அருகில் அமைதியாக உட்கார்வதால் அது வளராது.

“மனிதனுக்கே நேரமில்லை, நாய்க்கு மனநலமா? காவலுக்குத்தானே நாய்!” என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அப்பாவே கேட்டார். அவருக்கு நாங்கள் பணிவுடன் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறோம். கட்டிப்போட்ட நாய் பால்காரருக்கும் குரைக்கிறது, பறக்கும் காகிதத்துக்கும் குரைக்கிறது. ஆதலால் அது குரைத்தால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. மனம் அமைதியான நாய் எப்போதாவது குரைக்கிறது. அப்போது வீடே எழுந்து பார்க்கிறது. எது நல்ல காவல்? மேலும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் இருப்பதையும் குற்றமாகவே கூறுகிறது. உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதை 1976-இல் நம் அரசியல் சாசனம் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பட்டாசு வெடிக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரமே அளித்தது. தமிழக அரசு அதைக் காலை ஆறு முதல் ஏழு வரை, மாலை ஏழு முதல் எட்டு வரை என்று பிரித்தது. இப்படி முன்கூட்டித் தெரிந்த நேரமானால், அதற்குள் நாயை நடத்திக் கூட்டிவந்து, ஜன்னல் சாத்தி, அதன் இடத்தில் விட்டுவிடலாம். நள்ளிரவில் திடீரென்று வெடிப்பதற்கு எந்த நாயாலும் ஆயத்தம் செய்துகொள்ள இயலாது. குழந்தைகளாலும் நோயாளிகளாலுந்தான் இயலாது.

புத்தாண்டு இரவில் மறுபடி வெடித்தார்கள். மணி நடுங்கியது. ஆனால் ஓடவில்லை, தானே எழுந்து மாடிப்படியின் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. நாங்கள் தொடாமல் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடத்தில் வெளியே வந்து, தண்ணீர் குடித்து, உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் ஆன காரியம் இப்போது இருபது நிமிடமாயிற்று. மனத்திடம் என்றால் பயமே இல்லாதிருத்தல் என்று நினைத்திருந்தோம். பயந்தபின் திரும்பி வரத் தெரிவதுதான் மனத்திடம் என்று மணி காட்டியது.

அருட்சகோதரிகளே, அன்புப் பெற்றோர்களே, இவ்வளவு சொன்னபின் எங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னால் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் சில வீடுகளில் விளையாட்டு நிற்கிறது, பாட்டு வகுப்பு நிற்கிறது, தோழியோடு பேச்சு நிற்கிறது; மேசையோடு கட்டிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் பிள்ளைக்கு வாடாமல் தட்டை எடுத்து வைப்பதும் புத்தகப்பை சுமப்பதும் அம்மாவே. இரண்டும் எங்கள் நன்மைக்கென்றே செய்வன என்பதை அறிவோம். பரீட்சை வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்களைத் திடப்படுத்தும் சுமைதான். மாலையில் அரை மணி நேர விளையாட்டும், சோர்ந்தால் ஒதுங்க ஒரு மூலையும், எங்கள் கால அட்டவணையை நாங்களே வகுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் கேட்கிறோம். மதிப்பெண் குறைந்து வரும் நாளில், “இப்போது என்ன செய்யலாம் என்று நீயே சொல்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படுத்துவிட்ட மனம் எழுந்து தடுப்பைத் தாண்ட அது போதும். செலிக்மன் சோதனையில் படுத்துவிட்ட நாய்களைக்கூட, கயிற்றைப் பிடித்துப் பல முறை தடுப்பைத் தாண்ட வைத்தபின், அவை தாமே தாண்டக் கற்றுக்கொண்டன.

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் நாய் படுத்திருக்கும் இடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். நிழல் எட்டுகிறதா? ஒதுங்க இடம் உண்டா? இன்றைக்கு அது தானாகத் தேர்ந்து செய்தது ஒன்றேனும் உண்டா? இல்லை என்றால், சோறு வைப்பதோடு நம் கடமை முடியவில்லை என்று உணர்வோமாக.

பொங்கல் வந்தது. தவணை முடிந்ததைப் பற்றி அப்பா ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கத் துணியவில்லை. போகியன்று காலை பழைய சாமான்களை ஒதுக்கும்போது, கொல்லைப்புற ஆணியில் தொங்கிய சங்கிலியை அவர் எடுத்து, பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் போட்டார். மணி அவர் காலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.